தொகுத்தவரும் தொகுப்பித்தவரும்

தமிழ் படித்து, தமிழ் கற்பித்து வாழ்பவள் நான். ஜாவா என்னும் நிரல்மொழியைப் பற்றி நான் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 2024 கோடை விடுமுறையில் ஏறக்குறைய ஆறு வாரங்கள், பழைய ஜாவா நிரல் ஒன்றைப் புதிய சர்வரில் ஓடவைக்கும் வேலையில் எங்கள் கல்லூரிக் கணினித்துறை இளைஞர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் கண்டவற்றுள் பாதிக்கு மேல் பதிப்பியல் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் செய்திகளாகவே இருந்தன. அதனால் எழுதத் துணிந்தேன்.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம். கம்பைலர் என்பதைத் தமிழில் தொகுப்பி என்கிறோம். மனிதர் எழுதும் நிரலைக் கணினி கொள்ளும் வடிவத்துக்கு மாற்றித் தருவது அதன் தொழில். அப்படியானால் பெயர்ப்பி என்றல்லவா சொல்லவேண்டும், தொகுப்பி எவ்வாறு பொருந்தும் என்று எனக்கு நெடுநாள் ஐயம். 1952இல் கிரேஸ் ஹாப்பர் என்னும் அமெரிக்க அம்மையார் ஏ-0 என்ற தம் ஆக்கத்துக்கு இப்பெயரை இட்டார். முன்னரே எழுதி வைக்கப்பட்ட சிறு நிரல் துண்டுகளை ஒரு நூலகத்திலிருந்து எடுத்து வரிசையாகக் கோத்துத் தருவதே அதன் வேலையாக இருந்தது. ஆகவே தொகுத்தல்தான் அச்சொல்லின் முதற்பொருள். தமிழாக்கியவர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, சொல் சரியாகவே அமைந்துவிட்டது.

தொகுத்தல் என்றதும் நம் மனம் எட்டுத்தொகைக்குப் போகும். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த மாறன் வழுதி என்று தெரிகிறது. தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. உழைத்தவர் மறைந்து ஆணையிட்டவர் நிற்பது இலக்கிய வரலாற்றில் புதிதன்று. நான் சொல்லப்போகும் நிரலிலும் ஒரு தொகுத்தவர் உண்டு. ஒரு தொகுப்பித்தவரும் உண்டு.

*

எங்கள் துறையில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், தென்மாவட்டச் சிற்றூர்களின் வழக்குச் சொற்களைத் திரட்டுவதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தார். கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக்கிய கி. ராஜநாராயணன்தான் அவருக்கு முன்னோடி. 2001 முதல் 2004 வரை ஆய்வு மாணவர்களாக இருந்த நாங்கள் ஊர் ஊராகப் போனோம். வாரியல், படப்பு, ஏனம், அவயம், வெள்ளனே, பைய என்று காதில் விழுந்ததையெல்லாம் அட்டைகளில் எழுதினோம். ஒவ்வோர் அட்டையிலும் சொல், பொருள், சொன்னவரின் வயது, தொழில், ஊரின் எண் ஆகியவை இருக்கும். சொன்னவர்களில் பெரும்பாலோர் எழுபது கடந்த பெண்கள். இன்று அவர்களில் எவரும் உயிரோடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2005இல் கணினிப் பயன்பாட்டியல் முதுகலை மாணவர் ஒருவர் தம் இறுதியாண்டுத் திட்டமாக இந்த அட்டைகளை வலைச்செயலி ஆக்கினார். ஜாவா 1.4இல் எழுதினார், டாம்கேட் என்னும் இலவச வழங்கியின் ஐந்தாம் பதிப்பில் ஓடவிட்டார். எ-கலப்பை கொண்டு பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சொற்களை ஒருங்குறியில் உள்ளிட்டோம். கல்லூரி வளாகத்துக்குள் எந்தக் கணினியிலிருந்தும் ஒரு சொல்லைத் தேடலாம். ஓர் ஊரைச் சொடுக்கினால் அவ்வூர்ச் சொற்கள் அகர வரிசையில் வரும். பத்தொன்பது ஆண்டுகள் அது ஓடியது. ஓடுகின்ற வண்டியை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

2024 ஏப்ரலில் அந்தப் பழைய கணினி அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியது. கல்லூரியின் கணினிகளைப் பராமரிக்கும் நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். மே மாதக் கடைசியில் அதை அகற்றிவிடுவதென்றும், புதிய சர்வரில் ஜாவா 17ம் டாம்கேட் 10ம் மட்டுமே இருக்கும் என்றும், பழைய நிரல் அதில் ஓடாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதுதான் என்றும் சொன்னார்கள். அதற்கு அவர்கள் குறித்த தொகை எங்கள் துறையின் ஆண்டு நிதியைக் காட்டிலும் பெரிது.

சொற்களை மட்டும் படியெடுத்து வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். படியெடுத்தோம், எதையும் தொடுமுன் முதல் வேலையாக அதைத்தான் செய்தோம், மூன்று இடங்களில் வைத்தோம். ஆனால் தரவுத்தளத்தில் ஊர்களின் பெயர்கள் இல்லை, எண்களே இருந்தன. எந்த எண் எந்த ஊர் என்னும் பட்டியலை அந்த மாணவர் நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தார். அட்டைகள் மழைநீர் புகுந்து எப்போதோ அழிந்துவிட்டன. நிரல் போனால் சொல் இருக்கும், ஊர் இராது. ஊரில்லாத வழக்குச்சொல் திணையில்லாத பாட்டு.

*

ஜாவா நிரல் இரண்டு உடல்களில் வாழ்கிறது. மனிதர் வாசிக்கும் மூலக்கோப்பு ஒன்று. தொகுப்பி அதை மாற்றித் தரும் வகுப்புக்கோப்பு மற்றொன்று. இரண்டாவதைத்தான் ஜாவாவின் மெய்நிகர் இயந்திரம் வாசித்து ஓட்டுகிறது. ஒவ்வொரு வகுப்புக்கோப்பும் ஒரே எண்ணில் தொடங்கும். பதினாறடிமான முறையில் எழுதினால் 'கஃபே பேப்' என்று ஆங்கிலத்தில் வாசிக்கத்தக்க எண் அது, ஆக்கியவர்களின் குறும்பு. அதன்பின் பதிப்பெண் வரும். ஜாவா 1.4 தொகுத்த கோப்பில் 48. ஜாவா 8இல் 52. ஜாவா 17இல் 61. ஜாவா 21இல் 65. ஓலைச்சுவடியின் எழுத்தமைதியைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் நமக்கு, கோப்பின் தலையிலேயே காலம் பொறிக்கப்பட்டிருப்பது பொறாமை ஊட்டும் வசதி.

இதில் ஒரு விதி உண்டு. பிற்கால இயந்திரம் முற்காலக் கோப்பை வாசிக்கும். முற்கால இயந்திரம் பிற்காலக் கோப்பை வாசிக்காது. நாம் புறநானூற்றை வாசிக்கிறோம், கபிலரால் இன்றைய செய்தித்தாளை வாசிக்க முடியாது என்பதைப் போன்றது இது. எங்கள் இளைஞர் தம் மடிக்கணினியில் இருந்த ஜாவா 21 கொண்டு ஒரு சிறு கோப்பைத் தொகுத்துப் புதிய சர்வரில் இட்டதும், "இக்கோப்பின் பதிப்பு 65, எனக்குத் தெரிந்தது 61 வரை" என்னும் பொருளில் ஒரு பிழைச்செய்தி வந்தது. இணையம் முழுவதும் மக்கள் தலையில் கைவைத்துக்கொள்ளும் பிழை இதுதான். இரண்டு எண்களையும் படித்துவிட்டால் அச்சம் தீர்ந்துவிடும். சர்வரில் புதிய ஜாவாவை நிறுவலாம். இயலாதென்றால், சர்வரின் பதிப்புக்கு ஏற்பத் தொகுக்கும்படி தொகுப்பியிடம் சொல்லலாம்.

அப்படிச் சொல்வதில் இரண்டு வழிகள் உள்ளன. பழையது, மூலத்தின் இலக்கணமும் ஆக்கத்தின் பதிப்பும் இன்னதென்று தனித்தனியே குறிப்பது. 2017இல் வந்த ஜாவா 9 முதல் 'ரிலீஸ்' என்ற ஒரே கட்டளை உண்டு. பழைய வழியில் நிரலின் இலக்கணம் மட்டுமே பழைய பதிப்புக்குச் சோதிக்கப்படும். உடன்வரும் நூலகத்தின் புதிய சொற்கள் சத்தமின்றி உள்ளே புகுந்துவிடும். தொகுக்கும்போது பிழையிராது, ஓடும்போது, இல்லாத சொல்லைத் தேடி நிரல் விழும். 'ரிலீஸ்' இலக்கணத்தையும் சொற்களஞ்சியத்தையும் சேர்த்தே சோதிக்கும். போலிச் செய்யுள் பிடிபடுவது யாப்பினால் அன்று, சொல்லினால். அகவற்பாவை யாப்பு வழுவாமல் எழுதிச் சங்கப்பாட்டு என்று நீட்டினாலும், உள்ளே ஒரு பிற்காலச் சொல் இருந்தால் அகப்பட்டுக்கொள்வார். இதைச் சொன்னதும் இளைஞர் சிரித்து, "எங்க புத்தகத்துலகூட இவ்வளவு தெளிவா இல்ல மேடம்" என்றார்.

நற்பேறாக, எங்கள் பழைய வகுப்புக்கோப்புகளின் எண் 48. ஜாவா 17 அவற்றை மறுப்பின்றி வாசித்தது. இதில் ஒரு பெரிய ஆறுதல் கிடைத்தது. ஊர்ப்பெயர்கள் இருந்த கோப்பின் மூலம் எங்கும் கிடைக்கவில்லை. வகுப்புக்கோப்பு மட்டும் எஞ்சியிருந்தது. மூலநூல் மறைந்து, முத்தொள்ளாயிரப் பாடல்கள் புறத்திரட்டின் வழியே நம் கைக்கு வந்து சேரவில்லையா? அதுபோல அந்தக் கோப்பை ஓடவிட்டு, ஒன்று முதல் எல்லா எண்களையும் கேட்டு, அது சொன்ன ஊர்ப்பெயர்களை எழுதிக்கொண்டோம். நான் நடந்த தெருக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அன்றைக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை எனக்கு.

*

மற்றக் கோப்புகளுக்கு மூலம் இருந்தது. அவற்றை ஜாவா 17இல் தொகுத்தோம். நூறு பிழைகள் என்றது தொகுப்பி. நூறு என்ற அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. வேறு கட்டளை இராவிட்டால் தொகுப்பி நூறோடு நிறுத்திக்கொள்ளும், அவ்வளவே. தேவைப்படும் ஒரு நூலகத்தின் இருப்பிடம் தெரியாவிட்டால், அதைக் குறிப்பிடும் ஒவ்வொரு வரியும் பிழையாகும். ஆகையால் முதற்பிழையை மட்டும் திருத்தி மீண்டும் தொகுப்பதே முறை. நூலகத்தைக் காட்டியதும் நூறு பதினான்காயிற்று.

பதினான்கில் ஒன்பதுக்கு ஒரே காரணம். அந்த மாணவர் பல இடங்களில் 'ஈனம்' என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டிருந்தார். எண்ணிடும் ஒரு கருவியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அப்படி அழைப்பது அக்காலத்து வழக்கம். 2004இல் ஜாவா 5 வந்தபோது அச்சொல் மொழியின் உரிமைச்சொல் ஆகிவிட்டது. இனி யாரும் அதைத் தம் பொருளுக்குப் பெயராக வைக்க முடியாது. நாற்றம் என்ற சொல் ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று பூவின் நாற்றம் என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார். எழுதியவர் பிழை செய்யவில்லை, மொழி நகர்ந்துவிட்டது. காலப்போக்கில் பழைய வழக்கு நீங்குவதும் புதிய வழக்கு சேர்வதும் குற்றமல்ல என்று நன்னூலார் கருதினார். குற்றமில்லைதான், ஆனால் உரைகாரர் தேவைப்படுகிறார். ஒன்பது இடங்களிலும் பெயரை மாற்றினோம்.

அடுத்தது எழுத்து. மூலக்கோப்புகளில் அந்த மாணவர் தமிழிலேயே குறிப்புரைகள் எழுதியிருந்தார். ஆனால் அவர் தம் கணினியில் பயன்படுத்தியது திஸ்கி எழுத்துரு. ஒருங்குறி பரவுமுன் இணையத் தமிழர் பலர் எழுதிய முறை அது. புதிய சர்வரில் தொகுப்பி ஆங்கில எழுத்துகளை மட்டும் எதிர்பார்த்தது. திஸ்கியைக் கண்டதும் இவை எனக்குத் தெரிந்த எழுத்துகளே அல்ல என்றது. கோப்பு எந்தக் குறியாக்கத்தில் உள்ளதென்று நாம் சொல்லாவிட்டால், 2022இல் வந்த ஜாவா 18க்கு முந்தைய பதிப்புகள் தாம் இருக்கும் கணினியின் வழக்கத்தையே பின்பற்றும். ஒரே கோப்பு ஒருவர் மேசையில் தொகுக்கப்படுவதும் மற்றவர் மேசையில் மறுக்கப்படுவதும் இதனால்தான். ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 என்பதே பொதுவழக்கு.

குறிப்புரை நிரலின் ஓட்டத்தில் பங்கு கொள்வதில்லை. ஆகவே எந்த எட்டுத்துகள் மதிப்பையும் ஏற்கும் ஐஎஸ்ஓ-8859-1 என்னும் குறியாக்கத்தின் பெயரைச் சொன்னதும் தொகுப்பி அமைதியாயிற்று. நிரலுக்குள் உண்மையாகவே தேவைப்பட்ட தமிழ் எழுத்துகளை அவர் ஒருங்குறி எண்களாகவே எழுதியிருந்தார். இருந்தாலும் குறிப்புரைகளைக் குப்பையாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கோப்பையாவது ஒருங்குறிக்கு மாற்றிப் படித்துவிட வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

*

ஜாவா என்ற பெயர் காப்பியிலிருந்து வந்தது. காப்பிக்கு அப்பெயர் இந்தோனேசியத் தீவிலிருந்து வந்தது. மணிமேகலை படித்தவர்களுக்கு அத்தீவு அறிமுகமானது. சாத்தனார் குறிக்கும் சாவகம் ஜாவாவே என்று அறிஞர் பலர் கொள்வர். பசித்தோர் இருக்குமிடம் தேடிச் சாவகத்துக்குக் கப்பலேறிய ஆபுத்திரன் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு உயிர் துறக்கிறான். மறுபிறப்பில் அதே சாவகத்தில் புண்ணியராசன் என்னும் மன்னனாகிறான். தன் முற்பிறப்பு அவனுக்குத் தெரியாது. பிறகு மணிபல்லவத்துக்கு வந்து புத்த பீடிகையைக் காணும்போதுதான் அறிகிறான்.

எங்கள் நிரலின் அடுத்த சிக்கல் ஒரு பிறப்பு மாற்றம். ஜாவாவை ஆக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2010இல் ஆரக்கிள் வசமாயிற்று. வலைச்செயலிகளுக்கான ஜாவாப் பகுதியை 2017இல் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட ஆரக்கிள் முடிவு செய்தது. 2018இல் அதற்கு ஜகார்த்தா என்று பெயரிட்டார்கள்; அத்தீவின் பெருநகரின் பெயர். நிரல்களுக்குள் அதுவரை 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய பெயர்களைப் புதியவர்கள் மாற்றி வளர்ப்பதற்கு 2019இல் உடன்பாடு ஏற்படவில்லை. ஆகவே 2020இல் வந்த ஒன்பதாம் ஜகார்த்தாவில் அப்பெயர்கள் அனைத்தும் 'ஜகார்த்தா' என்று தொடங்கலாயின. டாம்கேட் 9 பழைய பெயரை அறியும். டாம்கேட் 10 புதிய பெயரை மட்டுமே அறியும். செயலில் அதே பொருள்தான். பெயர் மாறியதால் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில்லை. எங்கள் நிரல் ஜாவாக்ஸ் வழங்குநிரலைத் தேடியது. புதிய வழங்கி அப்படி ஒருவரும் இங்கில்லை என்றது.

டாம்கேட் 9ஐ நிறுவித் தந்தால் இவ்வேலை மிச்சம். நிறுவனத்தார் அதற்கு இசையவில்லை. சரி, பெயரை எல்லா இடத்திலும் ஒரே வீச்சில் மாற்றிவிடலாமே என்றால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜாவாக்ஸ் என்று தொடங்கும் பெயர்கள் அனைத்தும் இடம்பெயரவில்லை. தரவுத்தளத் தொடர்புக்குரிய 'ஜாவாக்ஸ் எஸ்கியூஎல்' முதலியவை ஜாவாவின் உள்ளேயே பழைய பெயரோடு இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வழங்குநிரல் கிடைக்கும், தரவுத்தளம் போய்விடும். ஒரு சுவடியில் ஒரு பாடத்தைத் திருத்திய மகிழ்ச்சியில், அதே போன்ற எழுத்துக்கூட்டம் வரும் இடமெல்லாம் திருத்தி நூலைக் கெடுத்தவர்கள் உண்டு. இடம் நோக்கித்தான் திருத்த வேண்டும். டாம்கேட்டை ஆக்கியவர்கள் இதற்கென்றே தரும் கருவி எவற்றை மாற்றவேண்டும், எவற்றை விடவேண்டும் என்பதை அறிந்து மாற்றும். அதைப் பயன்படுத்தினோம், மாற்றம் ஒவ்வொன்றையும் கண்ணாலும் பார்த்தோம்.

இதன்பின் தொகுப்பியிடம் பிழையில்லை. ஆனால் வலைச்செயலியில் அதை முடிவென்று கொள்ளக் கூடாது. ஜேஎஸ்பி எனப்படும் பக்கங்களை வழங்கி முன்கூட்டித் தொகுத்து வைத்திராவிட்டால், யாரேனும் முதன்முறை திறக்கும்போதுதான் தொகுக்கும். எனவே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தோம். முகப்பு வந்தது. தேடல் வந்தது. ஊர்ப்பட்டியல் வந்தது. சில ஊர்களின் சொற்கள் வந்தன. சில ஊர்களைச் சொடுக்கினால் வெற்றுப் பக்கம். எல்லாச் சொற்களும் என்ற பக்கம் வரவே இல்லை.

*

சர்வர் எழுதி வைத்த பிழைச்செய்தி, "ஒப்பீட்டு முறை தன் பொது ஒப்பந்தத்தை மீறுகிறது" என்றது. நான் பார்த்த பிழைச்செய்திகளில் அறநூல் வாசகம் போல் ஒலித்தது அதுதான்.

அகரவரிசைப்படுத்தக் கணினியிடம் இரண்டு எழுத்துகளைத் தந்து எது முன், எது பின் என்று சொல்லும் விதி வேண்டும். ஒருங்குறி எண் வரிசையையே நம்பினால் தமிழுக்கு ஒத்துவராது. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கும், புள்ளி எழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போகும். ஆகவே அந்த மாணவர் தமிழ் நெடுங்கணக்கின்படி தாமே ஓர் அட்டவணை எழுதியிருந்தார். அது பழைய ஜாவாவில் இத்தனை காலம் ஓடியது. இப்போது ஏன் விழ வேண்டும்?

இளைஞர் காரணத்தைக் கண்டுபிடித்தார். 2011இல் வந்த ஜாவா 7இல் வரிசைப்படுத்தும் முறையை மாற்றினார்கள். டிம் பீட்டர்ஸ் என்பவர் பைத்தான் மொழிக்காக வகுத்த டிம்சார்ட் என்ற முறை ஜாவாவுக்கும் வந்தது. பழைய முறை, விதியில் முரண் இருந்தாலும் கிடைத்ததைக் கொண்டு ஏதோ ஒரு வரிசையைத் தந்துவிடும். புதியது, 'அ'வைவிட 'ஆ' முந்தி, 'ஆ'வைவிட 'அ' முந்தி என்று ஒரே வாயால் சொல்லப்படுவதை இடையில் கண்டுகொண்டால் வேலையை நிறுத்திவிடும். முப்பத்திரண்டுக்குக் குறைந்த பட்டியல்களில் அந்தச் சோதனை நிகழ்வதில்லை. அதனால்தான் சிற்றூர்கள் வந்தன, பேரூர்கள் வரவில்லை.

"மேடம், பழைய முறைக்கே திரும்பிப் போகச் சொல்ல ஒரு வரி இருக்கு. அதச் சேர்த்துட்டா இன்னிக்கே முடிஞ்சுடும்" என்றார் அவர். மே மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஆனாலும் முரண் எங்கே என்று தெரியாமல் மூடி வைக்க என்னால் முடியவில்லை. "ஒரு நாள் பொறுங்க தம்பி" என்று சொல்லி, எடுத்து வைத்திருந்த கோப்பைத் திறந்தேன். ஒப்பீட்டு விதி அந்தக் கோப்பில்தான் இருந்தது. அதன் திஸ்கிக் குறிப்புரைகளை ஒருங்குறிக்கு மாற்றினேன். அட்டவணைக்கு மேலே இவ்வாறு எழுதியிருந்தது: "ஐயா சொன்னபடி கிரந்த எழுத்துகள் அட்டவணையில் இல்லை. வந்தால் முதலில் போட்டுவிடு."

எல்லாம் விளங்கிவிட்டது. அட்டவணையில் இல்லாத எழுத்து ஒன்று முதலில் வந்தால், எதிரே எது இருந்தாலும் 'இதுவே முந்தி' என்று நிரல் சொல்லும். எதிரே தமிழெழுத்து இருந்தால் முரணில்லை. ஜகரமும் ஸகரமும் எதிரெதிரே நின்றால், ஜகரத்தைக் கேட்டால் ஜகரம் முந்தி, ஸகரத்தைக் கேட்டால் ஸகரம் முந்தி. பழைய பட்டியலில் ஜமுக்காளம், ஷோக்கு, ஜாடை, ஸ்தலம் எல்லாம் அகரத்துக்கும் முன்னால் ஒழுங்கின்றிக் குவிந்து கிடந்ததை நாங்கள் அனைவரும் பார்த்திருக்கிறோம். இடம் மறுக்கப்பட்டவை வரிசையின் தலையிலேயே நின்றிருக்கின்றன.

ஐயாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. மகன் வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் அழைத்தேன். கணினிச் செய்தியை விரிக்காமல், கிரந்தத்தைச் சேர்க்க வேண்டாமென்று அந்தப் பையனிடம் சொன்னது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னேம்மா. நெடுங்கணக்குல இல்லாத எழுத்துக்கு வரிசை எதுக்குன்னு சொன்னேன். ஏன், இப்ப என்ன?"

நிலைமையைச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"இலக்கணப் புத்தகம் எழுதியிருந்தா அப்படிச் சொன்னது சரிம்மா. நாம எழுதுனது அது இல்லையே. அந்தக் கிழவி ஜமுக்காளம்னுதான சொன்னா? அவ சொன்னத எழுதத்தான போனோம்? இடம் குடுத்துரு."

"எங்க வைக்கட்டும் ஐயா?"

"னகரத்துக்குப் பின்னால வை. முன்னால வேண்டாம்."

அந்த ஒரு நிபந்தனையில் பழைய ஐயாவின் குரலைக் கேட்டேன். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்று னகரத்தை அடுத்து வரிசை தந்தோம். அட்டவணையில் இல்லாத வேறு குறி எதுவரினும் அதைத் தன் ஒருங்குறி எண்ணால் ஒப்பிட்டுக் கடைசியில் வைக்கும்படி விதியை முழுமையாக்கினோம். அன்று மாலை எல்லாச் சொற்களும் என்ற பக்கம் முதன்முறையாக அகரத்தில் தொடங்கியது.

*

இதே நிலையில் இருக்கும் துறைகள் வேறு கல்லூரிகளிலும் இருக்கக்கூடும். ஏதோ ஒரு மாணவர் என்றோ எழுதிக்கொடுத்துவிட்டுப் போன நிரலை நம்பித்தான் பல தொகுப்புகள் கிடக்கின்றன. அவர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். முதலில் படியெடுங்கள், வகுப்புக்கோப்பு, மூலக்கோப்பு, தரவு மூன்றையும். பிழைச்செய்தியின் எண்களைப் படியுங்கள். எல்லாப் பதிப்புகளையும் ஒரே நாளில் தாண்டாதீர்கள். மொழி, வழங்கி, எழுத்துக்குறியாக்கம் என்று ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. எந்தத் துறையின் செயலியோ அத்துறை சார்ந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எங்கள் கடைசிப் பிழையை நிரல் வழியே எட்டியவர் கணினி ஆசிரியர். தீர்த்து வைத்தது எழுத்ததிகாரம்.

எல்லாவற்றையும்விடக் கட்டாயம் ஒன்று உண்டு. நிரல் இருக்கும் கோப்புறையிலேயே ஒரு குறிப்பை எழுதி வையுங்கள். எங்கள் குறிப்பு யூடிஎஃப்-8இல், தமிழில், ஒரு பக்க அளவில் இருக்கிறது. எந்த ஜாவா, எந்த டாம்கேட், எந்தக் கட்டளையால் தொகுக்கப்பட்டது என்பன முதலில் வருகின்றன. ஊர்ப்பெயர்கள் தரவுத்தளத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன என்ற செய்தி அடுத்து. கிரந்த எழுத்துகள் னகரத்துக்குப் பின் ஏன் நிற்கின்றன என்பது ஒரு பத்தி. பிறகு தொகுப்பித்தவர் பெயர். தொகுத்த அந்த மாணவரின் பெயரும், அவரது பழைய குறிப்புரைகளும். கடைசியாக, தரவுத்தளத்தில் இருந்த வயதையும் தொழிலையும் கொண்டு நினைவிலிருந்து மீட்க முடிந்தவரை, சொற்களைச் சொன்ன பெண்களின் பெயர்கள். அப்பட்டியல் இன்னும் முடியவில்லை. அன்று என்னோடு ஊர் ஊராக நடந்தவர்களிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.